மண்புழு அறையில் ஒரு மேஜை

வேலையை விட்ட அன்று ஆர்லிஸ் ஹால்வர்சன் எலுமிச்சை கேக் செய்து எடுத்துப்போனாள்.

முதலாளி கேலன் ஓபெர்குக்கு ஓரத்துத் துண்டுதான் பிடிக்கும். அதை மட்டும் தனியாக எடுத்துவைத்து, மற்றதைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த எல்லோருக்கும் கொடுத்தாள். பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதிய இடம். தூண்டிலுக்கான இரையை, அதாவது மண்புழுவையும் பொடிமீனையும், மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் ஏரிக்கரைக் கடைகளுக்கெல்லாம் அனுப்புகிற கிடங்கு. "இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்ச்சிருக்காது" என்று சொல்லி, ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டாள். கேலனையும்தான்.

காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தாள். நான்கு விரல்களின் நுனி மெழுகுவத்தி போல வெளுத்திருந்தது. சாவியைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஹீட்டரின் சூடு ஏற ஏற விரல்களுக்கு உயிர் வந்தது, வலியோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேலன் வாசலில் நின்று கையசைத்தார். அவளும் கையசைத்தாள்.

இலையுதிர்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. புதிதாக வாங்கிய பொடிமீன் தொட்டிகளை வைக்க இடமில்லாமல் அவளுடைய அலுவலக அறையை எடுத்துக்கொண்டார் கேலன். மேஜை மண்புழு அறைக்குப் போயிற்று. "ஒரு வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம்" என்றார். மண்புழு சாகாமல் இருக்க அந்த அறையை ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதுபோல் குளிராக வைத்திருப்பார்கள். ஆர்லிஸ் கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்து கணக்கு எழுதினாள். ஏரி உறைந்தது, கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, மேஜை அங்கேயே இருந்தது. சுற்றிலும் அட்டைப்பெட்டிகளில் மண்ணுக்குள் லட்சக்கணக்கான புழுக்கள் நிம்மதியாகத் தூங்கின.

வேலை போனவர்களுக்கு மாநிலம் தருகிற உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பித்தாள். இல்லை என்று பதில் வந்துவிட்டது.

"தானா விட்டுட்டுப் போனா கிடையாதாம்" என்றாள், பக்கத்து வீட்டு ரொசால்பாவிடம். "அவங்க சொல்றதும் நியாயம்தான்."

"என்னடி நியாயம்! குடு இங்க." ரொசால்பா கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். நியூஜெர்ஸிக்காரி. புருஷனுடைய வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள். புருஷன் வேறொருத்தியோடு புளோரிடா போய்விட்டான், இவள் வீடு பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டாள். "இங்க பாரு. தானா விட்டாலும் குடுப்பாங்களாம். முதலாளி பண்ணின ஏதோ ஒண்ணாலதான் விட்டேன்னு காட்டணும். அத அவர்கிட்ட முறையிட்டு, சரிபண்ண ஒரு வாய்ப்பும் குடுத்திருக்கணும். நீ முறையிட்டேல்ல?"

"ம்."

"என்ன ம்?"

"சொன்னேனே. இந்த ரூம் கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்குல்லன்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"புழுவுக்கு நல்ல வசதியா இருக்கும்போலன்னு சொன்னேன்."

ரொசால்பா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். "கடவுளே, இந்த ஊர்க்காரங்களோட நான் எப்படிக் குடித்தனம் பண்றது."

மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. ஒரு நீதிபதி போனிலேயே இரண்டு பக்கமும் விசாரிப்பார். ரொசால்பா விடவில்லை. ஆர்லிஸுக்கும் வேறு வழி தெரியவில்லை. மே மாதம் நாற்றுப் பண்ணையில் ஆள் எடுப்பார்கள், அதுவரை வீட்டைச் சமாளித்தாக வேண்டும். முடியாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகன் வீட்டின் பின்னறைக்குப் போக வேண்டியதுதான். மகன் அன்போடுதான் கூப்பிட்டான். ஆனால் சமையலறை ஜன்னலில் தெரியும் இந்த ஏரியை விட்டுப் போவதை நினைத்தாலே, யாரோ அவளுடைய மேஜையை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

"சரி, உக்காரு. காபி குடிக்கிறியா, காபி குடிக்கிறியா, காபி குடிக்கிறியா, இந்தா பிடி" என்று கோப்பையை நீட்டினாள் ரொசால்பா.

அது அவர்களுக்குள் பழகிப்போன கேலி. ரொசால்பா வந்த புதிதில், முதல் வருஷம் முழுவதும் ஆர்லிஸ் அவள் வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. "காபி?" என்பாள் ரொசால்பா. "அய்யோ வேண்டாம், பரவாயில்ல" என்பாள் ஆர்லிஸ். அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து, என்ன இவள் இப்படி இருக்கிறாள் என்று ஆர்லிஸ் மனத்தாங்கலோடு தானே காபி போட்டுக் குடிப்பாள். பிறகு ஒருநாள் தேவாலயத்து விருந்தில் ஒரு கிழவருக்குக் கடைசித் துண்டு இறைச்சியைத் தருவதற்கு நான்கு பெண்கள் படுகிற பாட்டை ரொசால்பா கவனித்துப் பார்த்தாள். முதல் தடவை மறுத்தால் மரியாதை. இரண்டாம் தடவை மறுத்தால் நல்ல வளர்ப்பு. மூன்றாம் தடவை கேட்டால், "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று தட்டை நீட்டுவார்கள். அன்றிலிருந்து அவள் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவாள்.

விசாரணைக்கு முன்னால் குறை சொல்லிப் பழக வேண்டும் என்று ரொசால்பா அவளை நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக்கடைக்கு அழைத்துப்போனாள். அதிர்ஷ்டவசமாக சூப் ஆறிப்போய் வந்தது.

"சொல்லு" என்றாள் ரொசால்பா. "நமக்குன்னே ஆறவச்சுக் குடுத்திருக்காங்க. சொல்லு."

பரிமாறும் பெண் வந்தாள். "சூப் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் ஆர்லிஸ். மேஜைக்கு அடியில் உதை விழுந்தது. "ரொம்பவே நல்லா இருக்கு."

"இன்னும் கொஞ்சம் ரொட்டி கொண்டுவரட்டா?"

"வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்."

அந்தப் பெண் போனதும், "நீ உதச்சது வலிக்குது" என்றாள் ஆர்லிஸ்.

"பாரு! இப்பச் சொன்னியே! இதேதான். இத அந்த நீதிபதிகிட்ட சொல்லு."

"உன்கிட்ட சொல்லலாம். உனக்கு வலிக்காது."

சொன்ன பிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது. உண்மையா அது? குறை சொன்னால் எதிராளிக்கு வலிக்கும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாளா? அன்று இரவு விரல்களை வெந்நீர்க் கோப்பையைச் சுற்றி வைத்துக்கொண்டு யோசித்தாள். அவளுடைய வீட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை. தொழுவம் எரிந்த வருஷம் அவள் அப்பா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "மோசமில்ல" என்றார். கேட்காமலே பிறர் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளாதவர்களைப் பற்றி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். கேலனையும் அவள் அப்படித்தான் தினமும் சோதித்துக்கொண்டிருந்தாள். இன்றாவது கதவைத் திறந்து பார்ப்பாரா, இன்றாவது கேட்பாரா. அவர் தோற்ற ஒவ்வொரு நாளும் அவளுக்குள் ஏதோ ஒன்று திருப்தியோடு தலையாட்டியது. அதை நினைத்ததும் முகம் சூடாயிற்று. பெருந்தன்மை என்று இத்தனை நாள் எண்ணியிருந்ததற்குள் இப்படி ஒரு கர்வம் உட்கார்ந்திருந்ததே!

விசாரணை நாளன்று போனைச் சமையலறை மேஜையில் வைத்து, ஒலியைப் பெரிதாக்கிவிட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ரொசால்பா எதிரே சோபா தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி சோல்பெர்க் என்ற அம்மாளின் குரல் பள்ளிக்கூட வாத்தியாருடையதுபோல் இருந்தது. உண்மையே சொல்வோம் என்று ஆர்லிஸிடமும் இன்னொரு போனில் இருந்த கேலனிடமும் உறுதி வாங்கினார்.

"திருமதி ஹால்வர்சன், வேலைய நீங்களா விட்டீங்களா, அவங்க அனுப்பினாங்களா?"

"நானாத்தான் மேடம். ஆனா ரொம்ப நல்லபடியாத்தான் விட்டேன்."

ரொசால்பா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் விட்டீங்க?"

"மேஜை கொஞ்சம் வேற இடத்துல இருந்துச்சு."

"எங்க?"

"மண்புழு ரூம்ல."

"அந்த ரூம் எப்படி இருக்கும்?"

"மண்புழுவுக்கு நல்லா இருக்கும் மேடம்."

கேலனுடைய முறை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பின்னால் தொட்டிகளின் காற்றுக்குழாய்கள் குமிழியிடுகிற சத்தம் கேட்டது. அவளுடைய பழைய அறையில் உட்கார்ந்துதான் பேசுகிறார் என்று ஆர்லிஸுக்குப் புரிந்தது.

"ஆர்லிஸ் மாதிரி ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்க மேடம். பதினோரு வருஷத்துல ஒரு குறை சொன்னதில்ல. போற அன்னைக்குக் கேக் செஞ்சு கொண்டுவந்தாங்க. இதைவிட நல்ல இடம் இல்லன்னு அவங்க வாயால சொன்னாங்க."

"அப்படிச் சொன்னீங்களா, திருமதி ஹால்வர்சன்?"

"சொன்னேன் மேடம்."

"அதோட மேடம்," என்றார் கேலன், "நான் கேக்காம இல்ல. மேஜைய வெளிய எடுத்துப் போட்டுடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், பரவாயில்லன்னாங்க. திரும்பவும் ஒரு தடவை கேட்டேன். அய்யோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னாங்க."

உண்மைதான். நவம்பரில் ஒருநாள், கதவுக்கு வெளியே நின்றபடி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவள் மறுத்தாள். பிறகு அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தீர்களா என்றால், அவராகவே வந்து கேட்டு, இவளே வேண்டாம் என்றிருக்கிறாள். தீர்ந்தது. அரிசோனாவுக்கு எதை எதையெல்லாம் எடுத்துப்போகலாம் என்றுகூட ஒரு கணம் எண்ணினாள்.

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"திரு. ஓபெர்க், உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"இதேதான் மேடம். அப்பா, தாத்தா எல்லாம் இங்கதான்."

"வீட்டுக்கு வர்றவங்களுக்குக் காபி வேணுமான்னு எத்தனை தடவை கேப்பீங்க?"

"மூணு" என்றார் கேலன்.

"மேஜைக்கு?"

"ரெண்டு."

"மூணாவது தடவை ஏன் கேக்கல?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடியும் கிறீச்சிட்டது. அதில் ஒரு மனிதர் நெளிவது ஆர்லிஸுக்குக் கண்ணால் பார்ப்பதுபோல் தெரிந்தது. பொறுக்கவில்லை.

"அவருக்கு அப்ப வேலை ஜாஸ்தி மேடம்" என்று குறுக்கே புகுந்தாள். "ஏரி உறைய ஆரம்பிக்கிற நேரம். ஐஸ்ல துளை போட்டு மீன் பிடிக்கறவங்களுக்காகக் கடைக்காரங்க எல்லாரும் பொடிமீன் கேட்டுப் பறப்பாங்க. மனுஷன் சாப்பிடக்கூட..."

"திருமதி ஹால்வர்சன், நீங்க யாருக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கீங்க?"

ரொசால்பா தலையணையைக் கடித்தாள்.

"பாருங்க," என்றார் நீதிபதி, குரல் சற்று இறங்கியிருந்தது, "எங்கம்மா மூணாவது தடவை யாரும் கேக்கலன்னு ஒரு கல்யாண வீட்டுலேர்ந்து பசியோட திரும்பி வந்தவங்க. எனக்குப் புரியுது. ஆனா மூணாவது தடவைங்கிறது சட்டத்துல கிடையாது. அத வச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது. உங்க கஷ்டத்த அவருக்குத் தெரியப்படுத்தினீங்களா? அது எனக்கு வேணும். அலங்காரம் இல்லாமச் சொல்லுங்க."

ஆர்லிஸ் யோசித்தாள். "அவர் கண்ணுல படற மாதிரி சுவத்துல தெர்மாமீட்டர் மாட்டினேன். விரல் வெட்டின கையுறை பின்னிப் போட்டுக்கிட்டேன். அவருக்கும் ஒரு ஜோடி பின்னிக் குடுத்தேன். ஜனவரியில டாக்டரப் பாத்துட்டு வந்து, விரலக் கொஞ்சம் பாத்துக்கச் சொன்னாரு, அந்தக் குளிர் ஆகாதாம்னு அவர்கிட்ட சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"பாத்துக்கங்கன்னார்."

எதிரே ரொசால்பா இரண்டு கையையும் விரித்து, இன்னும், இன்னும் என்பதுபோல் ஆட்டினாள். ஆர்லிஸ் அவளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள். அதற்குள் கேலன் இருந்தார். பதினோரு வருஷம் பக்கத்து அறையில் இருந்தவர். இவ்வளவு தூரம் வந்து இப்போதும் அவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால், அப்புறம் இது யாருடைய தவறு?

"கேலன்," என்றாள். நீதிபதி அங்கே இருப்பதே மறந்துவிட்டது. "எனக்குக் குளிருச்சு. தினமும் குளிருச்சு. பேனாவப் பிடிக்க முடியல. என் விரல் நெசமாவே போயிடுமோன்னு பயந்தேன். நீங்க தொட்டிக்கு நல்ல ரூமக் குடுத்துட்டு என்னைப் புழுவோட வச்சீங்க. நீங்க பண்ணினது சரியில்ல, கேலன்."

அறையில் எதுவும் இடிந்து விழவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி அதே இடத்தில் வெள்ளையாகக் கிடந்தது. வெட்கம் எங்கே என்று தேடினால் அது இன்னும் வந்து சேரவில்லை.

"தெரியும்" என்றார் கேலன்.

"என்ன தெரியும் திரு. ஓபெர்க்?" என்றார் நீதிபதி.

"அவங்களுக்குக் குளிருதுன்னு. கையுறை குடுத்தப்பவே தெரியும்." பெருமூச்சு கேட்டது. "மூணாவது தடவை கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாங்க மேடம். சொல்லிட்டா அத்தனை தொட்டியையும் நகர்த்தணும். அதான் கேக்கல. அப்புறம் அவங்க மூஞ்சியப் பாக்க முடியாம அந்த ரூம் பக்கமே போகல. பக்கத்து ரூம்லேர்ந்து போன் பண்ணிப் பேசினேன்."

"டாக்டர் சொன்னதா அவங்க சொன்னப்ப என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?"

"முறையிடறாங்கன்னுதான். இந்த ஊர்ல அதுக்கு மேல யாரு என்னத்தச் சொல்லுவாங்க?"

"நன்றி. தீர்ப்பு தபால்ல வரும்" என்றார் நீதிபதி. பிறகு, பதிவுக்கு வேண்டாததுபோல் மெல்லச் சேர்த்துக்கொண்டார். "ரெண்டு பேரும் உண்மை சொன்னீங்க. எனக்கு வேலை சுலபம்."

போன் ஓய்ந்ததும் ரொசால்பா தலையணையைக் கூரைக்கு எறிந்தாள். "சரியில்ல கேலன்! என் தங்கமே, சரியில்ல கேலன்னு சொன்னாளே!"

"ரொம்பக் கடுமையாப் பேசிட்டேனோ?"

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு தாலாட்டு."

ஏப்ரல் பாதியில், ஏரியின் ஓரம் கறுத்து இளகத் தொடங்கிய வாரத்தில், தீர்ப்பு வந்தது. முதலாளியால் உண்டான தக்க காரணத்தால்தான் வேலையை விட்டிருக்கிறார், குறையை அறிந்தும் முதலாளி சரிசெய்யவில்லை, ஆகவே உதவித்தொகை பெறத் தகுதியுடையவர் என்று இருந்தது. ஆர்லிஸ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்க் காபிக்கு வைத்தாள். நாற்றுப் பண்ணைக்கும் போன் செய்தாள். வேலை கண்ணாடிக்கூடத்துக்குள்ளே, வெப்பமாக இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றாள், முதல் தடவையிலேயே.

அன்று சாயங்காலம் வாசலில் கேலனின் லாரி வந்து நின்றது. இஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய மீன். அவரே பிடித்து, முள் நீக்கி, உறையவைத்தது.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றார். அவருக்கு இந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லை.

"அப்படியா. ரோடு எப்படி?"

"மோசமில்ல. வடக்கால கொஞ்சம் வழுக்குது."

"இந்த வருஷம் ஏரியில ஐஸ் சீக்கிரம் உடையும்போல."

"உடையும்போலதான்." தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "தொட்டிய எல்லாம் பின்னால மாத்திட்டேன். அரை நாள் வேலைதான். மேஜையும் பழைய இடத்துல கிடக்கு. புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. ஹீட்டரக் கொஞ்சம் குறைக்கச் சொல்றா."

ஆர்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. அரை நாள் வேலை. அடக்கிக்கொண்டு, "காபி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"அய்யோ வேண்டாம். பரவாயில்ல."

"போட்டு வச்சதுதான். குடிங்களேன்."

"இல்ல இல்ல. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

ஆர்லிஸ் கதவுப் பிடியில் கைவைத்தபடி நின்றாள். கேலனும் நின்றார். ஏரியிலிருந்து வந்த காற்று அவருடைய கோட்டைத் தூக்கிப்பார்த்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. அவர் தன் காலணிகளைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை விலகுவது தெரிந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க வைக்கலாம். அந்தச் சுகத்தை ஆர்லிஸ் ஒரு மிடறு அனுபவித்தாள். பிறகு அது போதும் என்று தோன்றியது. மூன்றாவது தடவை கேட்கக்கூட அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை.

"உள்ள வந்து கதவச் சாத்துங்க, கேலன்" என்றாள். "எனக்குக் குளிருது."